இறந்த பதினோராம் ஆண்டில் வந்த எச்சரிக்கை

ராசிங்காபுரத்தில் பொழுது விடிவதை முதலில் அறிவிப்பவை ஜீப்புகள். போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையோர ஊர்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். இருள் பிரியாத நேரத்தில், தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வர். ஜீப்புகள் முந்தல் வழியாகப் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவிடும். அந்த இரைச்சல் ஓய்ந்தபின் ஊரில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமைதி நிலவும். அந்த அரைமணி நேரத்தைத் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஒருநாளும் வீணாக்காத ஒருவரை நான் அறிவேன். என்னோடு பணியாற்றிய ஆசிரியர் அவர். உபதேசியார் ஒருவரின் மகன். தம் தோட்டத்துக் கிணற்றடியில் மேற்கு மலையை நோக்கி அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தபடி இருப்பார். ஜபமாலை கையில் இருக்கும், ஆனால் உருட்டமாட்டார்.

நான் அவருடைய சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். எனவே ஒரு கத்தோலிக்கர் இப்படி அமர்ந்திருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. கேட்டபோது, வீட்டுக்குள் சென்று ஓர் ஆங்கில நூலைக் கொண்டுவந்து காட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஞான ஒடுக்கம் ஒன்றுக்குச் சென்றபோது வாங்கியதாம். நூலின் பெயர் மட்டும் நமக்குப் பழகிய சொல்: சாதனா. எழுதியவர் அந்தோணி டி மெல்லோ என்ற இயேசு சபைத் துறவி. அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் படித்துவந்திருக்கிறேன். உலகம் முழுவதும் பல மொழிகளில் வாசிக்கப்படும் இந்திய ஆன்மிக எழுத்தாளர்களில் ஒருவர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை, அவர் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய போதனைகள் விசுவாசத்துக்கு ஒவ்வாதவை என்று எச்சரித்தது என்பது வெளியே பலருக்குத் தெரியாது.

டி மெல்லோ 1931 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் பிறந்தார். கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். பாந்திராவில் இயேசு சபையினர் நடத்திய தூய ஸ்தனிஸ்லாஸ் பள்ளியில் படித்தார். நெடுங்காலம் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. துறவியாகப் போகிறேன் என்றால் விடுவார்களா என்ற தயக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. தாய்க்கு மீண்டும் குழந்தை பிறந்தபோது அது ஆணா என்று அறிந்துகொள்ளப் பதற்றத்தோடு ஓடினாராம். ஆண் என்றதும், இனித் தாம் துறவு பூணலாம் என்று மகிழ்ந்தாராம். அந்தத் தம்பியே பின்னாளில் அண்ணனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார் என்பது ஓர் இனிய முரண்.

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, அந்தேரியில் இருந்த விநயாலயா என்ற இல்லத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16 நிரம்பவில்லை. 1952இல் மெய்யியல் படிக்க ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் அவருடைய முதல் குருவைக் கண்டடைந்தார். கால்வேராஸ் என்ற முதிய துறவி அவர். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். ஜெபிக்கக் கற்றுக்கொடுக்க முடியும், ஆனால் அதற்கு முறை வேண்டும் என்ற எண்ணம் டி மெல்லோவுக்கு அவரிடமிருந்து வந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் அவரைக் கிழக்கத்தியச் சமயங்களின் பக்கம் சாய்ந்துவிட்டவர் என்று குறைகூறியவர்கள் அநேகர். அவருடைய வேர் ஸ்பெயின் மண்ணில், தம் சபையின் மிகப் பழைய மரபில் இருந்தது என்பதை அவர்கள் எளிதில் மறந்துவிட்டார்கள்.

இந்தியா திரும்பிப் புனேயில் இறையியல் கற்றார். அவர் பயின்ற, பின்னர்ப் பணியாற்றிய கல்லூரியின் பெயர் நமக்கு நெருக்கமானது: தெ நொபிலி கல்லூரி. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, புலால் துறந்து, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலியின் பெயர்தான் அது. இந்தியரின் உடையையும் நடைமுறைகளையும் ஏற்றுக்கொண்டதற்காக நொபிலி மீது அவருடைய சபையினரே புகார் எழுப்பினர். ரோமாபுரி வரை சென்ற அந்த வழக்கில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நூறாண்டு கழித்து நிலைமை மாறியது. 1744இல் அந்த நடைமுறைகளுள் பல தடைசெய்யப்பட்டன. போடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மதுரையில் தொடங்கிய ஒரு பழைய வழக்கின் நிழல், புனேயில் படித்த அந்த இளைஞர் மீதும் பிற்காலத்தில் விழுந்தது.

1961 மார்ச்சில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் சிகாகோவில் உளவியல் ஆற்றுப்படுத்துதலும், ரோமாபுரியில் ஆன்மிகமும் பயின்றார். மகாராஷ்டிரத்துச் சிற்றூர்களில் மறைப்பணியும் செய்தார். பின்பு தாம் சேர்ந்த விநயாலயாவுக்கே தலைவரானார். பதவிகளைப் பட்டியலிடுவதால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. பயன்படும் செய்தி ஒன்றே: ஜெபம், உளவியல் ஆகிய இரண்டையும் முறையாகப் பயின்ற ஒருவர் 1970களின் தொடக்கத்தில் புனேயில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார், அதற்குச் சாதனா என்று பெயரிட்டார், 1978இல் அது லோனாவ்லாவுக்கு இடம்பெயர்ந்தது. குருக்களும் கன்னியரும் மாதக்கணக்கில் அங்கே தங்கிப் பயின்றனர்.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிக்கவில்லை என்று அறிவித்திருந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950லேயே மொன்ஷானின், அபிஷிக்தானந்தர் என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தை நிறுவியிருந்தனர். அபிஷிக்தானந்தர் திருவண்ணாமலைக் குகைகளில் மௌனம் காத்தவர். அத்வைத அனுபவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் இடையே கிழிபட்ட மனத்தோடு 1973இல் இந்தூரில் மறைந்தவர். அவர் உள்ளத்தில் நடந்த போராட்டம் நாட்குறிப்புகளில் அடங்கியிருந்தது. டி மெல்லோ மேடையில் நின்று உரக்கப் பேசியவர். வேறுபாடு அங்கேதான்.

பர்மாவிலிருந்து 1969இல் இந்தியா வந்து விபஸ்ஸனா தியானத்தைப் பரப்பிய கோயங்காவின் முறையும் டி மெல்லோவை ஆழமாகத் தொட்டது. தாம் பங்கேற்ற பௌத்த ஒடுக்கம் ஒன்றில் நாள் முழுவதும் மூச்சைக் கவனிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று அவரே பதிவுசெய்திருக்கிறார். 1978இல் வெளிவந்த சாதனா நூலில் அந்த அனுபவம் கிறிஸ்தவ உருவில் திரும்பி வந்தது. விழிப்புணர்வு, கற்பனை, பக்தி என்று மூன்று பகுதிகள். நாற்பதுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். முதல் பயிற்சியே மௌனம். பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து பார்க்கச் சொல்கிறார். அமர்ந்தவருக்கு மௌனம் கிட்டுவதில்லை; தமக்குள் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்ற செய்திதான் கிட்டுகிறது. அதுவே முதல் வெற்றி என்கிறார்.

எங்கள் பகுதியினருக்கு அவருடைய அடிப்படைக் கருத்தை விளக்க ஏலக்காய் போதும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் முதல்முறை நுழைபவருக்கு மணம் நெஞ்சை அடைக்கும். ஆண்டுக்கணக்கில் அங்கே காய் தரம் பிரிக்கும் பெண்ணைக் கேட்டால் மணமே தெரிவதில்லை என்பார். மணம் குறைந்துவிடவில்லை, அவர் மூக்கு பழகிவிட்டது. மனிதர்கள் கடவுளுக்குள்ளேயே இருந்துகொண்டு கடவுளை உணராமல் இருப்பதும் இத்தகைய பழக்கத்தால் வரும் உறக்கம்தான் என்பது டி மெல்லோவின் துணிபு. தேடிப்போய்ச் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை, விழித்துக்கொள்வதே வேலை என்று வாழ்நாள் முழுவதும் விதவிதமாகச் சொன்னார். இந்த உவமை என்னுடையது. அவர் ஏலமலையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் நிச்சயம் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

ஏனெனில் அவர் பெரிய கதைசொல்லி. ஸூஃபிகள், ஜென் துறவிகள், யூத ஞானிகள், பாலைவனத் துறவிகள், உபநிடத முனிவர்கள் என எல்லாரிடமிருந்தும் கதைகளை எடுத்துக்கொண்டார். 1982இல் பறவையின் பாடல் என்று பொருள்படும் தொகுப்பு வந்தது. 1985இல் ஒரு நிமிட ஞானம். பெரும்பாலான நூல்களைக் குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து இயங்கிய ஒரு கத்தோலிக்கப் பதிப்பகமே வெளியிட்டது. அரைப்பக்கக் கதை; முடிவில் விளக்கம் இருக்காது, இருந்தாலும் ஒரு வரிதான். வாசகர் சிரிப்பார், இரவில் படுக்கும்போது அந்தச் சிரிப்பு உறுத்தும். தியான ஆசிரியர்களில் இவ்வளவு சிரிக்கவைத்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மேடையில் அவர் பேசியவற்றின் ஒளிப்பதிவுகளைப் பார்த்தவர்கள், பருத்த உடலும் குறும்புக் கண்களுமாக ஒரு மனிதர் கூட்டத்தை ஆட்டிப்படைப்பதைக் கண்டிருப்பார்கள். 1980களில் செயற்கைக்கோள் ஒளிபரப்பு வழியே வட அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஞான ஒடுக்கம் நடத்தியவர் அவர்.

1987 மே மாத இறுதியில், அடுத்த நூலின் கையெழுத்துப் படியைப் பதிப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பம்பாயிலிருந்து நியூயார்க் சென்றார். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் தங்கினார். ஜூன் 2 அன்று அறையில் தரையில் இறந்து கிடந்த நிலையில் அவரைக் கண்டனர். மாரடைப்பு. வயது 55. உடல் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, பாந்திராவின் தூய பேதுரு ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் புகழ் பெருகியது அதன் பிறகுதான். அவர் ஒப்படைத்துவிட்டுச் சென்ற தவளையின் ஜெபம் இரண்டு தொகுதிகளாக வந்தது. உரைகளின் ஒலிநாடாக்களிலிருந்து ஓர் அமெரிக்கத் துறவி தொகுத்த விழிப்புணர்வு 1990இல் வந்தது. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில், யாரோ எடுத்த குறிப்புகளை வைத்து உருவாக்கப்பட்ட நூல்களும் வந்தன. அவற்றைத் தம்முடைய எழுத்து என்று சொல்லவோ மறுக்கவோ அவர் இல்லை. பின்னால் எழுந்த சிக்கலின் ஒரு முனை இங்கே இருக்கிறது.

1998 ஜூன் 24 தேதியிட்டு, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. அதில் கையெழுத்திட்டவர் அப்பேராயத்தின் தலைவர் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர். பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர். அன்றைய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்திருந்தார். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் தப்பறை என்று ஒரு சொல் உண்டு. விசுவாசத்துக்கு முரணான கொள்கையைக் குறிப்பது. அந்த முத்திரையை அறிவிக்கை டி மெல்லோவின் மேல் நேரடியாகக் குத்தவில்லை. அவரைத் திருச்சபைக்குப் புறம்பானவர் என்றும் சொல்லவில்லை. தொடக்ககால நூல்களில் பௌத்த, தாவோ மரபுகளின் செல்வாக்குத் தெரிந்தாலும் அவை கிறிஸ்தவ ஆன்மிக எல்லைக்குள் இருப்பதாக அது ஏற்றுக்கொண்டது. பிற்கால எழுத்துகளில் படிப்படியான விலகலைக் கண்டது. கடவுளைப் பற்றி எதையுமே சொல்ல இயலாது என்ற அளவுக்கு அவர் சென்றுவிட்டார். இயேசுவை இறைமகன் என்பதற்குப் பதிலாக விழிப்படைந்த குருமார்களில் ஒருவராகக் காட்டினார். மறைநூலின் சொற்களையும் திருச்சபையின் போதனையையும் வெறும் கைகாட்டி மரங்களாக ஆக்கினார். இவைதான் குற்றச்சாட்டுகளின் சாரம். அவருடைய நிலைப்பாடுகள் கத்தோலிக்க விசுவாசத்துக்கு ஒவ்வாதவை, பெருந்தீங்கு விளைவிக்கக்கூடியவை என்று அது முடித்தது. சொல் எதுவாக இருந்தாலும், ஒரு சாதாரண விசுவாசிக்கு இதன் பொருள் ஒன்றுதான்.

அறிவிக்கையை இருட்டிலிருந்து வந்த கணையாகச் சித்திரிப்பது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. அதன் பின்னால் ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது. கடவுள் மனித உருவெடுத்துப் பேசினார், அப்பம் பிட்டார், சிலுவையில் இறந்தார் என்பதுதான் கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. எல்லாச் சொல்லும் கடைசியில் உதிர்ந்துவிட வேண்டியவை என்றால் அந்தச் சொல்லும் உதிர்ந்துவிடுமா? இதை ஒரு திருச்சபை கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. இன்னொன்றும் உண்டு. டி மெல்லோவின் பிற்கால உரைகளில், துன்பமெல்லாம் பற்றினால் வருவது, விழித்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்ற தொனி சில இடங்களில் சற்று மிகுதியாகவே ஒலிக்கிறது. விடியற்காலையில் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறும் பெண்ணின் துன்பம் பற்றினால் வந்ததன்று, கூலியால் வந்தது. அவருடைய உரைகளைக் கேட்டுச் சிரித்த அரங்குகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் அறிவிக்கை இதைக் கேட்கவில்லை. அது கேட்டது கோட்பாட்டை. பதில் சொல்ல வேண்டியவர் 11 ஆண்டுகளாக மண்ணுக்குள் இருந்தார்.

இதற்கு முன்னோடி உண்டு. ஜெர்மானிய ஞானி மெய்ஸ்டர் எக்ஹார்ட் கடவுளையும் கடந்த இறைமையைப் பற்றி, எதையும் பற்றாத மனத்தைப் பற்றி, எளிய மக்களுக்கு அவர்கள் மொழியில் பிரசங்கம் செய்தவர். விசாரணை நடக்கும்போதே, 1328 வாக்கில், இறந்துபோனார். 1329 மார்ச் 27 அன்று திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அவருடைய 28 கூற்றுகளை எடுத்து, சிலவற்றைத் தப்பறை என்றும் சிலவற்றை ஐயத்துக்குரியவை என்றும் அறிவித்தார். அவராவது உயிரோடு இருந்தபோது தம் தரப்பை எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு முன் 1310இல் மார்கரெட் பொரேட் என்ற பெண்மணி, கடவுளின் அன்பில் கரைந்துபோகும் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலைக் கைவிட மறுத்துப் பாரிஸ் நகரில் எரிக்கப்பட்டார். அந்நூல் ஆசிரியர் பெயரின்றி நூற்றாண்டுகளாக மடங்களில் பக்தியோடு வாசிக்கப்பட்டுவந்தது. 1946இல்தான் அது எரிக்கப்பட்டவரின் நூல் என்று ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

மூன்றாமவர் மிகேல் தெ மொலினோஸ். டி மெல்லோவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர். 1628இல் ஸ்பெயினில் பிறந்த குரு. ரோமாபுரிக்கு வந்து, 1675இல் ஆன்மிக வழிகாட்டி என்ற சிறுநூலை வெளியிட்டார். வாயால் ஜெபிப்பதையும் கற்பனையால் தியானிப்பதையும் கடந்து, உள்ளம் வெறுமனே அமைதியில் கிடக்க வேண்டும், மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அதன் சாரம். நகரம் அவரைக் கொண்டாடியது. கர்தினால்களே அவருடைய நண்பர்கள். 1685இல் கைது செய்யப்பட்டார். 1687 செப்டம்பர் 3 அன்று மினர்வா ஆலயத்தில் பெருங்கூட்டத்தின் முன் தம் கொள்கைகளைத் தவறென்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் 68 கூற்றுகள் கண்டனம் செய்யப்பட்டன. 1696இல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு எதிராக முதலில் எழுதியவர்களில் முன்னணியில் இருந்தவர் ஓர் இயேசு சபைத் துறவி. உழைக்காமல் அமைதியில் கிடப்பது ஆபத்து என்று அன்று எச்சரித்த அதே சபையிலிருந்துதான் முந்நூறு ஆண்டுகள் கழித்து டி மெல்லோ வந்தார்.

அந்தச் சபையின் நிறுவனரே கைதியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குருவாகாத, முறையான கல்வி இல்லாத ஒருவன் தெருவில் நின்று ஜெபம் கற்றுக்கொடுக்கிறான் என்ற ஐயத்தில் 1527இல் அல்காலா நகரில் 42 நாட்களும், பிறகு சலமாங்காவில் 22 நாட்களும் இஞ்ஞாசியார் சிறையில் இருந்தார். அவரிடம் பெரிய பிழையொன்றும் காணப்படவில்லை. ஆனால் படித்துமுடிக்கும்வரை வாய்திறக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1622இல் அவர் புனிதராக்கப்பட்டார். சிலுவை அருளப்பரைத் தொலெதோவில் ஒரு சிறு அறையில் அடைத்துவைத்தவர்கள் அவருடைய சபையினரேதான். அவரும் பின்னர்ப் புனிதர், மறைவல்லுநர்.

நமக்கு இது அந்நியமான நாடகமும் அன்று. வடலூர் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தபோது, அவற்றை அருட்பா என்று அழைக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுப்பிய பூசல் நீதிமன்றம் வரை சென்றதை அறிவோம். இரு தரப்பிலும் சைவம் அறிந்தவர்கள் இருந்தனர். எல்லையைக் காப்பவருக்கும், எல்லையில் நின்று அப்பால் பார்ப்பவருக்கும் இடையே நடப்பது பெரும்பாலும் நல்லவனுக்கும் தீயவனுக்கும் நடக்கும் சண்டையாக இருப்பதில்லை.

1990களின் பிற்பகுதி ஆசியக் கத்தோலிக்கச் சிந்தனையாளர்களுக்குக் கடினமான காலம். இலங்கையின் திஸ்ஸ பாலசூரியா என்ற குரு, மரியாளைப் பற்றி எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அந்த வரிசையில்தான் இந்தியாவில் டி மெல்லோவின் பெயர் வந்தது. பல இடங்களில் புத்தகக் கடைகள் அவருடைய நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துவைத்தன. அவருடைய சபையினர், அறிவிக்கை சுட்டும் நூல்களில் சில அவர் எழுதியவையே அல்ல என்று எடுத்துரைத்தனர். இறுதியில் ஓர் இணக்கம் உண்டானது: பிற சமயத்தவரும் இறைமறுப்பாளரும் ஆன்மிகத் தேடலில் பயன்பெறும் வகையில் பல்சமயச் சூழலில் எழுதப்பட்டவை இந்நூல்கள், கத்தோலிக்கருக்கு மறைக்கோட்பாடு கற்பிக்கும் கையேடுகளாக ஆசிரியர் இவற்றைக் கருதவில்லை என்ற குறிப்பை நூல்களில் சேர்ப்பது. இன்றும் பல பதிப்புகளில் அது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறிப்பு என்னைப் போன்ற வேற்றுச் சமயத்தவனுக்கு நூலைத் தாராளமாகத் திறந்துவிட்டது. குருக்களையும் கன்னியரையும் பயிற்றுவிப்பதிலேயே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்டவரின் நூலுக்கு.

1998 ஆகஸ்டில் நாளிதழின் உள்பக்கத்தில் இச்செய்தியைப் படித்துவிட்டு நண்பர் என் வீட்டுக்கு வந்தார். தாளை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். எங்கள் பகுதியில் ஒரு பங்கின் நூலகத்துக்குத் தம் கைப்பணத்தில் அவர் வாங்கிக் கொடுத்திருந்த மூன்று நூல்கள், சில வாரங்களில் திருப்பித் தரப்பட்டன. திருப்பித் தந்த குருவானவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; தாம் கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்தவர் என்று மட்டும் சொன்னாராம். நண்பருக்கு அதுவே தாங்கமுடியாததாக இருந்தது. அவர் தந்தை ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி கற்பித்தவர். திருச்சபை சொன்னதை மறுத்துப் பேசிய நாள் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஆனால் கிணற்றடியில் அமரத் தொடங்கிய பிறகுதான் தமக்கு ஜெபம் என்றால் என்னவென்று தெரிந்தது என்பதும் அவருக்கு ஐயமற்ற உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

நான் என் இயல்பின்படி வாதாடினேன். ரோமாபுரியில் இருப்பவர்களுக்கு நம் கிணற்றடி தெரியாது, புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். ஒளித்துவைத்துப் படிப்பது ஜெபம் ஆகாது என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சுமார் இரண்டு மாதங்கள் அவர் கிணற்றடிக்குச் செல்லவில்லை. விடியலில் நான் நடக்கப் போகும்போது அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்ப்பேன். பிறகு ஒருநாள், அந்த ஆண்டின் ஐப்பசி மழை சற்று விட்ட காலையில், பழையபடி அமர்ந்திருந்தார். எப்படி முடிவுக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழக்கம்போலத் திருப்பலிக்குச் சென்றார். வழக்கம்போல மலையைப் பார்த்து அமர்ந்தார்.

நண்பர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் சென்னையிலிருந்து வந்து வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, அப்பாவின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். சாதனாவைக் கேட்டு வாங்கிவந்தேன். செய்தித்தாள் அட்டை போட்டிருந்தது. பழைய பதிப்பு, எச்சரிக்கைக் குறிப்பு எதுவும் அதில் அச்சாகியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் முதல் பக்கத்தைத் திருப்பியபோது, புதிய பதிப்புகளில் வரும் அந்தக் குறிப்பு முழுவதும் இருந்தது. நண்பர் அதைத் தமிழில் பெயர்த்து, கரும்பலகையில் எழுதும் அதே சீரான எழுத்தில், நீலமையால் எழுதிவைத்திருந்தார். கீழே தம் கையெழுத்தும் போட்டிருந்தார்.